பேட்டரியில் ஓடிய மேல் லைன்

தனுஜாவுக்கு ஈப்போவில் ஒரு கட்டட அலுவலகத்தில் வேலை. இன்னும் கட்டாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டி, வாங்க வருகிறவர்களை அதற்குள் நடக்கவைத்துக் காட்டவேண்டும். அதையே செய்து பழகிய கை, போன வருடம் முழுக்க ஓய்வு நேரங்களில் வேறொன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. கேமரன் மலையில் அவள் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டின் மேல் லைன், சரிவில் இருந்த தொழிலாளர் வீட்டு வரிசை. மண் சரியும் என்று சொல்லி அங்கிருந்த குடும்பங்களைக் காலி செய்யவைத்து, வீடுகளை இடித்துவிட்டு, அந்தச் சரிவிலும் தேயிலை நட்டுவிட்டார்கள். ஆட்கள் கிள்ளான், தாப்பா, ஈப்போ என்று சிதறிப்போனார்கள். அவளுடைய அம்மா அம்மாக்கண்ணு மட்டும் பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஃபிளாட்டில் இருந்தார்.

கிள்ளானில் இருக்கும் திலகம் அக்கா வாட்ஸ்அப்பில் எல்லாரையும் சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எஸ்டேட்டின் பொது மண்டபமான டேவானில் கூடலாம் என்று ஏற்பாடு செய்தார். தனுஜா தன் மேல் லைனை அங்கே காட்டுவதாக ஒப்புக்கொண்டாள். சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்ட ஒரு புரொஜெக்டர் வேண்டியிருந்தது. அதற்காக அன்று காலையிலேயே ஃபாரிஸின் கடைக்குப் போனாள்.

ஃபாரிஸ் அவளோடு பள்ளியில் படித்தவன். பிரிஞ்சாங்கில் அவன் அப்பா ஹாஜா மைதீனின் சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்திலேயே லேப்டாப் பழுது பார்க்கிறான். பள்ளி விட்டதும் அந்தச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருவரும் கார் ஓட்டி விளையாடுவார்கள். படம் திக்கித் திக்கித்தான் வரும். மரம், நிழல், மேகம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மொட்டை ரோட்டில் ஓட்டுவார்கள். கீழேயிருந்து ஹாஜா மைதீன், "பஸ் போயிரப் போவுது லா" என்று குரல் கொடுத்த பிறகுதான் இறங்குவார்கள்.

தனுஜா லேப்டாப்பைத் திறந்து மேல் லைனை ஓடவிட்டாள். பனி மெல்ல விலக, தகரக் கூரைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. லேப்டாப்பின் காற்றாடி இரைந்தது. ஃபாரிஸ் குனிந்து பார்த்தான்.

"அழகா இருக்கு தனு. ஆனா பெரிசு இல்லேன்னா இது ஓடாது."

"எது பெரிசு?"

"இதுக்குள்ள படம் வரையறதுக்கு ரெண்டு சிப் இருக்கு. சின்னது புரோசெசரோடவே ஒட்டி இருக்கும். கரண்ட் கொஞ்சமாத்தான் சாப்பிடும். மெயில் பாக்க, பாட்டு கேக்க அது போதும். பெரிசு தனியா இருக்கு. இந்த மாதிரி கனமான வேலை வந்தாத்தான் எந்திரிக்கும்."

"அதுவா மாத்திக்கும்னு நெனச்சேன்."

"அதுவாத்தான் மாத்திக்கும். நீ சார்ஜர எடுக்காத, அவ்வளவுதான்."

மதியத்துக்குள் டேவான் நிறைந்துவிட்டது. வேன்களிலும் கார்களிலும் வந்து இறங்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்து, பெயரைச் சொல்லிக் கட்டிக்கொண்டார்கள். அம்மாக்கண்ணு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். புரொஜெக்டரை மாட்டிக்கொடுக்க ஃபாரிஸும் வந்திருந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. திலகம் அக்கா வரவேற்றுப் பேசி முடித்த பிறகு, சுவரில் முதல் கூரை தெரிந்தபோது விளக்கெல்லாம் அணைந்தது. சுவர் வெறும் சுவரானது.

திரிங்காப் ஊருக்குப் போகும் ரோட்டில் மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டதாக யாரோ போனில் கேட்டுச் சொன்னார்கள். கரண்ட் வர சாயங்காலம் ஆகும்.

லேப்டாப்பில் மட்டும் வெளிச்சம் இருந்தது. தனுஜா அதையே மேசையில் வைத்து, சுற்றி வந்து பார்க்கச் சொன்னாள். அம்புக்குறியைத் தட்டினாள். படம் நகரவில்லை. மறுபடி தட்டினாள். ஒரு கூரை பாதியாக உடைந்து, வெகுநேரம் கழித்து அடுத்த கூரை வந்தது. பின்னால் நின்றவர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். அதுவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"கரண்ட் போனதும் சின்னதுக்கு மாறிடுச்சு," என்றான் ஃபாரிஸ். "பேட்டரி தாங்கணும்னு அதுவே பெரிசத் தூங்க வெச்சிருச்சு."

"எழுப்பி விடு."

"எழுப்பலாம். செட்டிங்ல மாத்திட்டு, இத மூடித் திரும்பத் திறக்கணும். ஆனா பேட்டரிய உறிஞ்சிரும். பத்து பேரு பாக்கறதுக்குள்ள செத்துரும் லா."

தனுஜா திரும்பிப் பார்த்தாள். கிள்ளானிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தவர்கள். பழைய கங்காணி சுப்பிரமணியம் ஒரு கையில் தடியும் இன்னொரு கையில் மகளின் தோளுமாக வரிசையில் நின்றார். பத்து பேருக்குக் காட்டிவிட்டு மற்றவர்களிடம் என்ன சொல்வது?

"அப்ப என்னதான் பண்றது?"

"மாடியில கார் ஓட்டுனோமே, அந்த மாதிரி பண்ணு. எல்லாத்தையும் எடுத்துரு. சின்னதே இழுக்கும்."

பனியை வரவைக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதலில் அதை அணைத்தாள். பிறகு நிழலை, செடிகளின் இலையை, சுவரின் கறையை. கடைசியில் நின்றது பெட்டி பெட்டியாக ஒரே நிறத்தில் ஒரு வரிசை வீடு. ஆனால் அம்பைத் தட்டியதும் படம் தடங்கலில்லாமல் நடந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இவ்வளவுதான் வரும்," என்றாள் வரிசையைப் பார்த்து. "பெருசா ஒண்ணும் இருக்காது."

சுப்பிரமணியம் முன்னால் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இதான் என் வீடு. முன்னால கொய்யா நிக்கணும்."

"மரத்த எடுத்துட்டேன் தாத்தா. மெஷின் தாங்கல."

"பரவால்ல, எனக்குத் தெரியுது. அந்தக் கெளையில ஏறி என் மகன் உளுந்தான். கையி ஒடிஞ்சிருச்சு. ஆபீசு பெரிய கிராணி தன் காடியிலயே தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு."

அவர் பேசப் பேச, அவருக்குப் பின்னால் நின்ற தவமலர் எட்டிப் பார்த்தார். திரையில் வீட்டு வரிசையின் கோடியில் ஒரு சாம்பல் நிறக் கட்டையைக் காட்டி, "அது பைப்படிதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றாள் தனுஜா. "அங்கதான் எனக்கும் திலகத்தோட அம்மாவுக்கும் தெனம் சண்டை. யாரு வாளி முதல்லன்னு. சாயங்காலம் அவங்க வீட்டுலதான் நான் சாப்புடுவேன்." திலகம் அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு தனுஜா அம்பைத் தட்டுவதோடு சரி. சொல்லவேண்டியதை அவர்களே சொன்னார்கள். எந்த வீட்டில் முதலில் டிவி வந்தது, எந்த வீட்டில் பிரசவத்துக்கு மருத்துவச்சி வருவதற்குள் பிள்ளை பிறந்தது, ஞாயிற்றுக்கிழமை எந்த அடுப்பிலிருந்து கருவாட்டு வாசம் முதலில் வரும். ஒருவர் சொன்னதை மூன்று பேர் மறுத்தார்கள். மழை நின்றதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. பேட்டரி மெதுவாகவே இறங்கியது.

எல்லாரும் பார்த்து முடித்தபோது அம்மாக்கண்ணு மட்டும் இடத்தை விட்டு எழவில்லை. தனுஜா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாங்கம்மா. நீங்க இன்னும் பாக்கல."

"எல்லாரும் பாக்கட்டும்னு இருந்தேன்."

ஃபாரிஸ் பேட்டரியைப் பார்த்துவிட்டு அவளிடம் மெல்லச் சொன்னான். "இன்னும் கால்வாசிக்கு மேல இருக்கு. இதுக்குக் கீழ போனா பெரிசு எந்திரிக்காது. இப்ப மாத்தட்டா?"

"மாத்து."

அவன் மாற்றி, மேல் லைனை மூடித் திரும்பத் திறந்தான். காற்றாடி இரையத் தொடங்கியது. கடையில் ஓடிய அளவுக்குச் சீராக ஓடவில்லை. ஆனாலும் பனி வந்தது. தேயிலைக்கு இலை வந்தது. தகரத்தில் காலை வெயில் சாய்ந்து விழுந்தது. தனுஜா அம்மாவை லைன் வழியாகக் கூட்டிக்கொண்டு போய், கடைசி வீட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். வாசலை ஒட்டி ஒரு பச்சை லோரி நின்றது. அவள் அப்பா கந்தன் கொழுந்து ஏற்றிப் பேக்டரிக்கு ஓட்டிய லோரி. அப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது. லைன் இடிபடுவதை அவர் பார்க்கவில்லை.

அம்மாக்கண்ணு லோரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை திரையின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

"நம்பர் பிளேட்டுகூட போட்டிருக்க," என்றார்.

"போட்டோவுல இருந்திச்சும்மா."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஆனா உங்கப்பா இப்படி நிறுத்த மாட்டாரு. மூக்கு கீழ பாத்து நிக்கும். காலையில குளுருக்கு ஸ்டார்ட் ஆவாது. பிரேக்க விட்டுட்டு, ஓட்டத்துலயே கியரப் போட்டு எடுப்பாரு. நான்தான் பின்னால நின்னு தள்ளுவேன். நீ வயித்துல இருந்தப்ப மட்டும் தள்ள விடல."

இது தனுஜாவுக்குத் தெரியாது. அம்மா லோரி தள்ளியதை அவள் பார்த்ததாக நினைவில்லை. அவள் எழுவதற்குள் லோரி கிளம்பிப் போயிருக்கும்.

"தள்ளிட்டு என்னம்மா பண்ணுவீங்க?"

"என்ன பண்றது. அது வளைவுல திரும்பற வரைக்கும் நிப்பேன். அவரு ஹாரன் அடிப்பாரு. உள்ள வந்து ஒனக்குப் பால் காய்ச்சுவேன்."

திரை மங்கி, அணைந்துபோனது. பேட்டரி தீர்ந்த லேப்டாப்பை ஃபாரிஸ் மூடினான். அம்மாக்கண்ணு தன் கையை அதன் மேல் வைத்தார். மூடி சூடாக இருந்தது. கையை எடுக்கவில்லை.

கரண்ட் வந்தபோது பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். மறுபடி சுவரில் போட்டுக் காட்டட்டுமா என்று தனுஜா கேட்டதற்கு, இன்னொரு நாள் பார்ப்போம் என்று திலகம் அக்கா சொல்லிவிட்டு, மீதமிருந்தவர்களுக்குத் தே தாரிக் ஊற்ற ஆரம்பித்தார்.

மறுநாள் தனுஜா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அம்மாவின் ஃபிளாட்டில் சார்ஜரை மாட்டி உட்கார்ந்தாள். லோரியைச் சரிவைப் பார்த்துத் திருப்பினாள். அம்மாக்கண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் ரோட்டுப் பக்கம்," என்றார். "சக்கரத்துக்கு ஒரு கல்லு வெச்சிருப்பாரு. பெரிய கல்லு."

"எந்தச் சக்கரம்மா?"

"பின்னால, எடது பக்கம்."

மதியமே ஈப்போவுக்குக் கிளம்ப இருந்தவள், அன்று சாயங்காலம்தான் மலையிலிருந்து இறங்கினாள்.