மூணாவது சாவி

பூட்டு ரிப்பேர் செய்கிறவருக்கு அந்தத் தெருவில் சாவியண்ணன் என்றுதான் பேர். ஒரு கதவுக்கு ஒரு பூட்டு எந்த மூலைக்கு, ரெண்டு போட்டால்தான் நிம்மதி என்று வருகிறவர்களிடமெல்லாம் ஓதுகிற மனுஷன். அதே கணக்கைத் தன் போனுக்கும் போட்டார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

செல்போன் கடையில் வேலை பார்க்கும் அவருடைய மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். பாதுகாப்புக்கு நல்ல ஆப் ஒன்று போதும், அதையும் போனிலேயே இருக்கிற ஸ்டோரில்தான் எடுக்கணும், என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பார்த்துத்தான் கொடுக்கணும் என்றான். இவர் காதில் வாங்கினால்தானே! ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது ஆப், சாவி வெட்ட வந்த ஓர் ஆள் அனுப்பிய லிங்க். சலவைச் சட்டை, வாய் நிறைய அண்ணே. உங்க போனில் வைரஸ் புகுந்திருக்கு, இதைப் போட்டால் சுத்தமாகத் துடைத்துவிடும் என்றான். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வருகிறது என்று போனே எச்சரித்தது. உங்கள் படங்களைப் பார்க்கலாமா என்றும் கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று தட்டிவிட்டார் புண்ணியவான். கேடயம் போட்ட அந்தச் சின்னத்தை மனைவியிடம் காட்டிப் பெருமை வேறு.

அடுத்த வாரம் காலையில் நர்ஸக்கா கூப்பிட்டார். அதே தெருவில் தனியாக இருக்கிறவர். ராத்திரி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து பார்த்தால் பீரோ காலி. அம்மா ஞாபகமாக வைத்திருந்த ஒற்றைச் சங்கிலியும் போய்விட்டது. புதுப் பூட்டு மாட்டிக் கொடுங்க தம்பி என்றார்.

சாவியண்ணன் கதவைத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை, நெம்பின தடம் இல்லை. பூட்டைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். மஞ்சளாகப் பித்தளைப் பொடி உதிர்ந்தது. புதுசாக வெட்டின சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள்.

இருக்கிறதே ரெண்டு சாவிதான், ஒன்று பையில், நீங்க வெட்டிக் கொடுத்தது ஆஸ்பத்திரி அலமாரியில் என்றார் நர்ஸக்கா. போலீஸ்காரர் சாவியண்ணனைப் பற்றித் துருவினாராம். அவர் தங்கமான மனுஷன், அவர் மேல் கை காட்டாதீங்க என்று நர்ஸக்கா அடித்துச் சொல்லிவிட்டாராம்.

சாவியண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூணாவது ஒன்று இருந்தது, அவர் போனுக்குள். யாராவது சாவியைத் தொலைத்துவிட்டுத் தவிக்கக் கூடாதே என்று, வெட்டுகிற ஒவ்வொரு சாவியையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, வீட்டு விலாசத்தையும் சேர்த்துப் போனில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். தொழில் தெரிந்தவனுக்கு அந்தப் படம் போதும். சலவைச் சட்டைக்காரன் கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்த்தது இப்போது நினைவுக்கு வந்தது.

போனைத் திறந்தார். கேடயத்தை அழுத்தி, அதற்குக் கொடுத்த அனுமதிகளைப் பார்த்தார். படங்கள் எல்லாம் திறந்து கிடந்தன. வாயை மூடிக்கொண்டு பூட்டை மாட்டிவிட்டுப் போயிருந்தால் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் நர்ஸக்கா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். இவரால் வாங்க முடியவில்லை.

"அக்கா, உங்க வீட்டுச் சாவியைத் திருடன் கையில கொடுத்தது நான்தான்."

எல்லாவற்றையும் கொட்டினார். நர்ஸக்கா கத்தவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்த போன்ல இன்னும் யார் யார் வீட்டுச் சாவி இருக்கு தம்பி?"

சாவியண்ணன் தன் பேர் கெட்டுப்போகுமே என்றுதான் இவ்வளவு நேரம் பதறிக்கொண்டிருந்தார். தெரு மொத்தமும் அதற்குள் இருந்தது.

"என் பூட்டு அப்புறம். முதல்ல அவங்ககிட்டப் போங்க."

போனை அணைத்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடி மணியடித்தார். யாரென்றுகூடக் கேட்கவில்லை. கதவை அகலத் திறந்து, அட நீங்களா, உள்ளே வாங்கண்ணே என்று சிரித்தார்கள். அவரால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை.