பன்னிரண்டு கிலோ காற்று

எங்கள் கூரியர் கடையில் தராசைவிட டேப்புக்குத்தான் மரியாதை. எங்கள் இபாடான் ஊர்ச் சனங்களுக்கு இது புரிவதே இல்லை. எடைக்குத்தானே காசு என்று நம்பி வருவார்கள்; பெட்டியை நான் அளக்க ஆரம்பித்ததும் திருடியைப் பார்ப்பதுபோல முறைப்பார்கள். சட்டம் போட்டவன் லாகோஸில் ஏசி அறையில் இருக்கிறான். திட்டு வாங்க நான் இருக்கிறேன்.

போன வாரம் அபேனியம்மா வந்தார். இந்த ஊரில் பாதி கல்யாணப் பெண்களுக்குக் கெலே கட்டுகிறவர். விறைப்பான பட்டுத் துணியை விசிறி விசிறியாக மடித்து அவர் பெண்ணின் தலையில் கட்டிவிட்டால், அவள் வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். இப்போது கனடாவில் அவருடைய மகளுக்கே கல்யாணம். இவருக்கு விசா கிடைக்கவில்லை. தான் போகாவிட்டாலும் தன் கை கட்டிய கெலே மகள் தலையில் ஏறட்டும் என்று, கட்டி, குலையாமல் தைத்து, பெட்டியில் கொண்டுவந்திருந்தார்.

தபால் ஆபீஸில் மலிவுதானாம், ஆனால் இவ்வளவு பெரிய பெட்டியை எடுக்கமாட்டார்களாம். என் தராசில் வைத்தேன். பெட்டியோடு சேர்த்தே ஒரு கிலோகூட இல்லை. டேப்பால் நீளம், அகலம், உயரம் அளந்து, சட்டப்படி அதை எடையாக்கிக் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு கிலோ.

"உன் டேப்பு கள்ளு குடிச்சிருக்கா?"

"பெட்டி அடைக்கிற இடத்துக்குத்தாம்மா காசு. விமானத்துல காத்துக்கும் சீட்டு போடணுமே."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே கூலி கேட்டது வெறும் காற்றுக்கு. அவர் முகம் வாடியது எனக்குப் பொறுக்கவில்லை.

"பன்னிரண்டு கிலோ வரைக்கும் உள்ள எது வச்சாலும் இதே ரேட்டும்மா," என்றேன்.

வெளிநாட்டுக்குப் போகும் பெட்டியில் இடம் இருக்கிறது என்ற செய்தி எங்கள் ஊரில் நடந்து போகாது, ஓடும். மறுநாள் அபேனியம்மா குடும்பத்தோடு வந்தார். நாத்தனார் கொடுத்த யாம் கிழங்கு மாவு, கணவர் வாங்கிய கருவாடு, சர்ச்சுக்காரம்மா அங்கே இருக்கும் தன் மகனுக்குத் தந்த இறால் பொடி. எல்லாவற்றுக்கும் மேலே, ஒடுங்கிப்போய், கெலே.

தராசில் ஏற்றினேன். பன்னிரண்டைத் தாண்டிக் கால் கிலோ.

"கூடிப்போச்சும்மா. அடுத்த ரேட்டு ஆயிடும். எதையாவது எடுங்க. மாவுல ரெண்டு பிடி எடுத்தாலே போதும்."

"கட்டின மூட்டையைப் பிரிக்கிறதா? அபசகுனம்," என்றார் நாத்தனார்.

கணவர் கருவாட்டைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். "சர்ச்சுக்காரம்மா பொருளைத் தொட்டா ஞாயித்துக்கிழமை மூஞ்சில முழிக்க முடியாது," என்று முணுமுணுத்தார்.

நாத்தனார்தான் தீர்ப்புச் சொன்னார். "அபேனி, அந்த ஊர்ல துணியா கிடைக்காது? யாம் மாவு கிடைக்குமா சொல்லு."

"அண்ணி, இது அவளுக்குன்னு கட்டினது."

"அவளுக்குன்னுதான் நாங்களும் கொண்டாந்தோம். மூத்தவ சொல்றேன்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மூட்டையை எடுத்துத் தெருவில் வீசியிருப்பேன். ஆனால் பெட்டி அவர்களுடையது, வேலை என்னுடையது. மாவுக்குப் பேச நாத்தனார் இருந்தார், கருவாட்டுக்குக் கணவர், பொடிக்குக் கர்த்தரே இருந்தார். கெலேக்குப் பேச வேண்டியவள் கனடாவில் இருந்தாள். அபேனியம்மா அதை இரண்டு கையாலும் வெளியே எடுத்தார். முள் சரியாகப் பன்னிரண்டில் நின்றது. நாத்தனார் கைதட்டினார்.

பணம் கட்டி முடித்ததும் மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அந்த நெரிசலில் கெலே நசுங்கிவிடும் என்று அபேனியம்மா மட்டும் பின்தங்கினார். கையில் பிடித்தாலும் கசங்கும். கடைசியில் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். எவ்வளவு எடுப்பாக இருந்தது தெரியுமா! நான் கடை வாசல்வரை வந்து பார்த்தேன்.

வாடகை மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் பல்லெல்லாம் தெரிய வண்டியை ஒடித்து நிறுத்தினான்.

"கல்யாணத்துக்காம்மா? ஏறுங்க. எந்த மண்டபம்?"

"அங்கல்லாம் உன் வண்டி போகாதுப்பா," என்றார் அபேனியம்மா. "வீட்டுக்கு விடு."