அப்பாவுக்கு நடுப்பகல்

பெண் பல் துலக்கிக்கொண்டே தூங்கினாள். வாயில் பிரஷ், சுவரில் நெற்றி. ரொட்டி ஆலையில் இரவெல்லாம் அடுப்பு முன்னால் நின்றுவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்த அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றுதான் நீச்சல் கோச் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். விசில் ஊதிய பிறகும் சிலை மாதிரி நிற்கிறாளாம். நாளைக் காலை அணித் தேர்வு. அப்போதும் இப்படி நின்றால் பெயரை அடித்துவிடுவாராம்.

"ராத்திரி முழுக்க போனு. யாருடி உன்னைத் தூங்கவிடாம உயிரை எடுக்கிறது? கொடு இங்க."

"வேணாம்ப்பா."

"கொடுன்னா கொடு. அவன் தோலை உரிக்கிறேன்."

கொடுத்தாள். பார்த்தார். கரிந்த ரொட்டியின் படம். 'சூப்பர்வைசர் மூக்கு மாதிரி இல்ல?' அடுத்தது: 'தூங்கிட்டியா குட்டி?' 'இல்லப்பா.' 'அப்ப இன்னொண்ணு கேளு.' விரலால் தள்ளத் தள்ள எல்லாம் அவர் அனுப்பியதுதான்.

ஆலையில் சாப்பாட்டு இடைவேளை நள்ளிரவு தாண்டித்தான். அவருக்கு அது நடுப்பகல். பதில் வந்ததால் விழித்திருக்கிறாள் என்று நினைத்தார். விழித்திருக்கிறாளே என்று மேலும் அனுப்பினார்.

"உரிங்க, தோலை," என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"தூக்கம் வருதுன்னு சொல்லித் தொலைக்கிறதுதானே, கழுதை?"

"நீங்க தனியா உக்காந்து சாப்பிடுவீங்கல்ல. அதான் உங்க மெசேஜுக்கு மட்டும் சத்தம் கூட்டி வெச்சிருக்கேன்."



மாலை வேலைக்குக் கிளம்பும்போது தன் போனை மனைவி கையில் திணித்தார். "அவசரம்னா ஆபீசுக்குக் கூப்பிடு. இது என்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது."

மறுநாள் காலை வயிறு நிறையச் செய்தியோடு வந்தார். சூப்பர்வைசரின் கண்ணாடி மாவுத் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் அதைத் தேட அவருக்குக் கண் தெரியவில்லை. முழங்கை வரை மாவோடு துழாவியிருக்கிறார்.

பெண் குப்புறப் படுத்து, வாயைப் பிளந்து, தலையணை நனையத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு நாக்கு நமைத்தது. மனைவி விரலை ஆட்டி மிரட்டினாள். வேறு வழியில்லை. அவளை அடுப்படிக்குள் இழுத்துப்போய்க் காதோடு காதாகச் சொன்னார். அவள் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

அலாரம் அடித்தது. முதல் மணியிலேயே பெண் எழுந்து வந்து நின்றாள், கண் பளிச்சென்று.

"என்ன ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. போய் நீந்திட்டு வா, சொல்றேன்."