லுக்குந்தோவுக்கு ஒரு கவுன்

கசூபா அந்த வெள்ளைக் கவுனை மறுபடியும் குவியலின் மேலேயே வைத்தாள். காலையிலிருந்து அதை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தாள். கித்வே நகரச் சந்தையில் பழைய துணிப் பொதி பிரிக்கும் நாள் அது. எங்கோ குளிர் தேசத்துப் பிள்ளைகள் போட்டுக் கழித்த உடுப்புகள் தார்ப்பாயின் மேல் இடுப்புயரத்துக்குக் கிடந்தன. பெண்கள் முழங்கை வரை கைவிட்டுக் கிளறி, உதறி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வேண்டியதைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். கசூபாவின் தோள் மட்டும் வெறுமையாக இருந்தது.

அக்கா மகள் லுக்குந்தோ பெரிய ஆஸ்பத்திரியின் பிண அறையில் இருந்தாள். மத்தியானத்துக்குள் வீட்டுப் பெண்கள் போய்க் குளிப்பாட்டி, உடுத்தி எடுத்துவர வேண்டும். ஒன்பது வயசுக்குள் மளமளவென்று வளர்ந்துவிட்ட பிள்ளை. வீட்டிலிருந்த எந்தக் கவுனும் அவள் முழங்காலை மூடவில்லை. இழவு வீட்டில் சுவரோடு சாய்ந்து தரையில் கிடந்த அக்கா முத்தாலே, தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கவுனையாவது நீ பாத்து எடு."

குத்திக்காட்டத்தான் சொன்னாளா, துக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாளா என்று கசூபாவுக்குத் தெரியவில்லை. அக்கா வேறொரு சுரங்க ஊருக்குச் சமையல் வேலைக்குப் போனதிலிருந்து பிள்ளையை வளர்த்தவள் இவள்தான். சனிக்கிழமை காய்ச்சல் கண்டபோது ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போடச் சொன்னாள் ஒருத்தி. அங்கே மருந்தே இருக்காது, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று மைத்துனன் போனில் சொன்னான். தனியார் டாக்டரின் நம்பர் ஒன்று வந்தது. மூலிகைக்காரர் வீட்டுக்கு வழி சொன்னவர்களும் உண்டு. சபைப் பெண்கள் வந்து சுற்றி மண்டியிட்டு ஜெபித்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். கசூபா ஒன்றைத் தீர்மானித்துப் பிள்ளையை முதுகில் கட்டுவாள். இது தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று இறக்கிப் படுக்க வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை இருட்டும்போது பிள்ளைக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது யோசிக்க எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

இப்போது கண் முன்னால் இத்தனை கவுன்கள். வெள்ளைதான் சரி என்பார்கள் சபைப் பெண்கள். மஞ்சள்தான் அவளுக்குப் பிடிக்கும், ஆனால் அந்த மஞ்சளில் அக்குளோரம் ஒரு கறை இருந்தது. கறையோடா கர்த்தரிடம் அனுப்புவது? ரோஜா நிறத்தில் ஒன்று கல்யாணத்துக்குப் போவது போலிருந்தது. எதைத் தொட்டாலும் இன்னொன்று இதைவிட நன்றாக இருக்குமோ என்று கை தயங்கியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கடைக்காரியைச் சந்தையில் எல்லோரும் சிலேஷே அம்மா என்று கூப்பிடுவார்கள். பருத்த உடம்பு, ஓயாத வாய். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் கடைசியில் கேட்டேவிட்டாள். "ஏம்மா, கவுன் எடுக்க வந்தியா, இல்ல என் குவியலுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தியா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"பொண்ணைக் கூட்டியாந்திருந்தா அதுவே ஒண்ணைப் புடிச்சிக்கிட்டு அழுதிருக்கும். எங்க அவ?"

"ஆஸ்பத்திரியில," என்றாள் கசூபா. "இனிமேதான் குளிப்பாட்டணும்."

கிளறிக்கொண்டிருந்த கைகள் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சிலேஷே அம்மா தார்ப்பாயைச் சுற்றிக்கொண்டு வந்து, துக்கம் கேட்க வந்தவளைப் போல, கசூபாவின் பக்கத்தில் வெறுந்தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"காய்ச்சல் வந்தப்பவும் இப்படித்தான் நின்னேன், அக்கா. எங்க கொண்டு போறதுன்னு தெரியாம," என்றாள் கசூபா.

சிலேஷே அம்மா அவள் தோளில் கை வைத்தாள். "தங்கச்சி, அதைக் கர்த்தர்கிட்டதான் நீ கேக்கணும். இப்ப பிள்ளை காத்துக்கிட்டிருக்கா." பிறகு கசூபாவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "கவுனைப் பாக்காத. அவளைச் சொல்லு. குளிர் தாங்குவாளா?"

"தாங்க மாட்டா. ஜூன் குளிர் வந்துட்டா என் போர்வைக்குள்ளதான். பாதத்தை என் வயித்துல வெச்சுக்குவா."

சிலேஷே அம்மா கையில்லாத கவுன்களை ஒரே வாரலில் அந்தப் பக்கம் தள்ளினாள். குத்துகிற துணியைப் பொறுப்பாளா என்று கேட்டாள். நைலான் பட்டால் நாள் முழுக்கக் கழுத்தைச் சொறிவாள் என்றாள் கசூபா. நைலான் போயிற்று, லேஸ் வைத்த வெள்ளையும் அதோடு போயிற்று. முதுகில் பொத்தான் இருந்தால் தானே போட முடியவில்லையென்று கோபித்துக்கொள்வாள், ஒரு தடவை அதற்காகவே ஞாயிறு ஆராதனைக்கு வரமாட்டேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டாள் என்று சொல்லும்போது கசூபாவுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, அப்படியே அழுகையாயிற்று. சிலேஷே அம்மா அழவிட்டாள். அவள் கை மட்டும் துணிகளை ஒதுக்கிக்கொண்டே இருந்தது.

கருநீலத்தில் சின்னப் புள்ளி போட்ட பருத்திக் கவுன் ஒன்று கசூபாவின் கண்ணில் பட்டது. நீளக் கை, முன்பக்கம் பொத்தான். வெள்ளை இல்லையே என்று சபையில் முணுமுணுப்பார்கள். அக்கா என்ன சொல்வாளோ.

"இது," என்றாள்.

சிலேஷே அம்மா காசை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டாள். அவளும் பிழைக்க வேண்டும். ஆனால் கவுனைக் கொடுக்கவில்லை. எதிர் வரிசைத் தையல்காரரிடம் கரி இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு வாங்கிவந்து, சாம்பலை ஊதிவிட்டு, பலகையில் துணி விரித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கடல் தாண்டி வந்த மடிப்புகள் சுலபத்தில் போகவில்லை. ஒவ்வொரு கையையும் நீட்டி வைத்து, கழுத்துப் பட்டையைத் திருப்பி, பொத்தான்களுக்கு நடுவே பெட்டியின் மூக்கை விட்டு நிதானமாகத் தேய்த்தாள். வாங்க வந்தவர்கள் காத்து நின்றார்கள்.

மடித்துக் கையில் கொடுத்தபோது கவுன் சூடாக இருந்தது. கசூபா அதை மார்போடு வைத்து, மேலே போர்த்தியிருந்த சித்தெங்கே துணியால் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் சாலையில் ஜூன் மாதக் குளிர்காற்று செம்மண்ணை வாரிக்கொண்டு எதிரே வந்தது. அவள் இரண்டு கைகளாலும் மார்பை மூடிக்கொண்டு நடந்தாள். பிறகு, சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமென்று, ஓட ஆரம்பித்தாள்.