சிவக்காத யூலஸ்ரியேர்ன

அருமைநாயகியைக் கவலையீனமான மனுசி எண்டு ஆரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். புருசன் சொன்னதை அவள் ஒரு நாளும் பிசகவிட்டவளில்லை.

றண்டர்ஸ் பட்டணத்துக்குப் பக்கத்திலை ஒரு கண்ணாடித் தோட்டத்திலை இருபத்திரண்டு வருசம் கிறிஸ்மஸுக்குச் சிவக்கிற நத்தார்ச் செடி வளர்த்தவன் அவளின்ர புருசன் றொபேட். டெனிஷ்காரர் யூலஸ்ரியேர்ன எண்டு சொல்லுற அந்தச் செடியைப் பற்றித் துவங்கினானெண்டால் லேசிலை வாய் மூடான். மெக்சிக்கோவிலை அஸ்டெக் சனம் அதின்ர சிவப்பு இலையிலை சாயம் எடுத்ததாம், தண்டிலை வடியிற பாலைக் காய்ச்சலுக்கு மருந்தாப் பாவிச்சதாம். அவனுக்கு ஈரலிலை புற்றுநோய் எண்டு தெரிஞ்ச அண்டைக்கு, "அந்தப் பால் இதுக்குக் கேக்காதோ?" எண்டு கேட்டாள் அருமைநாயகி. அவன் சிரிச்சான். அவள் பகிடிக்குக் கேக்கேல்லை.

செப்டெம்பர் கடைசியிலை ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை, தான் கடைசியாத் தண்டு வெட்டி நட்ட செடியை அவளிட்டைக் குடுத்தான்.

"பின்னேரம் ஐஞ்சிலையிருந்து காலமை ஏழு மட்டும் கும்மிருட்டிலை வையப்பா. ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாது. நத்தாருக்கு முதல் சிவந்திடும். அதைப் பாத்திட்டனெண்டால் எனக்குக் காணும்."

அவள் யன்னலுக்குக் கம்பளி அடிச்சாள். கதவு நீக்கலுக்குத் துணி அடைஞ்சாள். பின்னேரம் ஐஞ்சுக்குப் பிறகு அந்த அறைக்குள்ளை கால் வைக்கேல்லை. செடியை வைச்சது மடு மாதா சுருவத்தின்ர காலடியிலை. றொபேட் படுத்த நாள் துவக்கம் அங்கை ஒரு சின்னச் சிவப்பு பல்ப் இரவுபகலா எரியுது. மாதாவின்ர வெளிச்சத்தையும் ஒரு வெளிச்சமெண்டு ஆர் நினைப்பினம், சொல்லுங்கோ?

டிசெம்பர் பிறந்தது. கடையெல்லாம் சிவப்பு. அவளின்ர செடி மட்டும் பச்சைப்பசேலெண்டு நிண்டது. "சிவக்குதோ?" எண்டு அவன் கேக்கிற நேரமெல்லாம், "ஓமப்பா, துவங்கீட்டுது" எண்டு பொய் சொன்னாள்.

வியாழக்கிழமை டொக்டர் இரண்டு பேரையும் இருத்தி வைச்சு, றொபேட்டுக்கு இன்னும் இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் எண்டார். ஞாயிற்றுக்கிழமை றொபேட் செடியைக் கொண்டுவரச் சொன்னான். கடையிலை ஒரு சிவப்பை வாங்குவமோ எண்டு அவள் யோசிச்சாள். தன்ர கையாலை வெட்டின தண்டு அவனுக்குத் தெரியாமப் போகுமே? பச்சையையே கொண்டு போனாள்.

அவன் ஒரு இலையைத் தடவிப் பாத்தான்.

"எங்கை வைச்சனி?"

"மாதாவுக்குக் கீழை."

"பல்ப் எரிஞ்சதோ?"

"அது உங்களுக்கெண்டு எரியுதப்பா. எப்பிடி நூக்கிறது?"

அவன் அவளின்ர கையைப் பிடிச்சான். "பரவாயில்லை."

"இண்டைக்கே நூக்கிறன். நூத்தா எவ்வளவு நாளிலை சிவக்கும்?"

"எட்டுக் கிழமை." தோட்டத்துக்கு வாற புது ஆக்களுக்குச் சொல்லிப் பழகின வாய், யோசிக்காமல் சொல்லிப்போட்டுது.

சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தினம். அருமைநாயகி அந்தப் பச்சைச் செடியை மடியிலை வைச்சுக்கொண்டு, நேர்ஸ் ஓடி வாற அளவுக்கு வாய்விட்டு அழுதாள்.