மாமா பேசாத கூட்டம்

எங்கள் பட்டறையில் திங்கட்கிழமைக் கூட்டம் என்பது பேருக்குத்தான் கூட்டம். உண்மையில் அது சந்தை.

பள்ளிக்கூடங்களுக்குப் பெஞ்சும் டெஸ்க்கும் செய்கிற பட்டறை எங்களுடையது. முதலாளி என் மாமனார். எந்த வேலை எப்போது முடியும் என்று பிரிவுக்கு ஒருவராக வந்து நாள் சொல்ல வேண்டும். சொன்ன நாளை மாமா பாதியாக வெட்டுவார். வெட்டுவார் என்று தெரிந்து அவர்கள் இரண்டு பங்காகச் சொல்வார்கள். அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரிந்துதான் அவரும் வெட்டுவார். நடுவில் சத்தியம் செய்வது, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போவது, வாசல் வரை போய்த் திரும்பி வருவது எல்லாம் உண்டு. டீ ஆறி, வயிறு காய்ந்த பிறகுதான் நிஜமான நாள் வெளியே வரும்.

எனக்கு இது பழகின சத்தம். நான் பிறந்ததே துணிக்கடைக்காரர் வீட்டில். என் அண்ணன்மார் பால் புட்டியை நீட்டினாலே 'வேற காட்டு' என்று தலையைத் திருப்பிக்கொண்டவர்கள். கடைசிப் பிள்ளையான எனக்கு அந்தக் கடையில் கிடைத்த இடம் ஏணி உச்சி. கேட்டதை எடுத்துப் போடுவது, வேண்டாமென்றதை மடித்து மறுபடி அடுக்குவது. கல்யாணமானதும் மாமா என்னை விற்பனைக்குப் பொறுப்பாகப் போட்டார். ஏணியிலிருந்து இறங்கியவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் புதுப் பள்ளிக்கூட ஆர்டரைப் பிடித்தேன். அந்த நிர்வாகத்துக்கு இன்னும் பல பள்ளிகள் உண்டு. இது ஒழுங்காகப் போனால் மற்றதும் எங்களுக்கு. போகாவிட்டால் என்னவாகும் என்பதை மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மாப்பிள்ளை, திறப்பு நாளுக்குள்ள பெஞ்சு போய்ச் சேரலைன்னா விற்பனையை வேற ஆளுக்குக் கொடுத்துடலாம். உங்க அண்ணன் கடையில அந்த ஏணி இன்னும் இருக்குல்ல?"

சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் எதையும் மறப்பதில்லை.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த ஆர்டருக்கும் வழக்கம்போல வெட்டிக் கொத்தி ஒரு நாள் வந்தது. திறப்பு நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே. நான் தலைமையாசிரியைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

இத்தனை வருஷம் கத்தியதற்கு அந்த வாரம் மாமாவின் தொண்டை பழிவாங்கியது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது" என்றார்.

"கொஞ்சம் குறைச்சுக்க முடியாதா?" என்று மாமா கேட்டார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

அடுத்த திங்கட்கிழமை அவர் நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தார். அத்தை பட்டறையில் பாதிப் பங்குக்காரர். மரம் வாங்குவது முழுக்க அவர் பொறுப்பு. கூட்டத்துக்கு மட்டும் வந்ததில்லை. "அந்தக் கூச்சல்ல உட்கார்ந்தா மரம் வாங்குற புத்தியும் போயிடும்" என்பார். மாமா பக்கத்தில் ஒரு ஸ்டூலில் மப்ளரும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு ஒரே விஷயம்தான்" என்றார் அத்தை. "பள்ளிக்கூடத்து ஆர்டர் சொன்ன நாள்ல போகுமா, போகாதா? அதுக்குச் சம்பந்தமில்லாதவங்க எழுந்து போய் வேலையைப் பாருங்க."

பாதிப் பேர் எழுந்து போனார்கள். டீ கொண்டுவந்தவர் தட்டைப் பிடித்தபடி விழித்தார். மீதி இருந்தது தச்சு மேஸ்திரி, லாரிக்காரர், நான், பிறகு வார்னிஷ் பிரிவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவர். பெரிய தொழிற்சாலையிலிருந்து வந்தவர், அதிகம் பேசமாட்டார். எங்களுக்கு அவர் 'புதுசு'.

மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். எப்போதும் அவர்தான் ஆரம்பிப்பார்.

"இருங்க மேஸ்திரி. பட்டறையில சரக்கு கடைசியா யார் கையை விட்டுப் போகுதோ அவர் முதல்ல சொல்லட்டும். தம்பி, வார்னிஷ் எப்ப முடியும்?"

புதுசு மேசையைப் பார்த்தார். "போன வாரம் சொன்னதுதான்மா. மூணு வாரம்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "என்னங்க இது! மாமா ஒன்றரை வாரம்னு சொன்னப்ப நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?"

"ஒத்துக்கலைங்க. சும்மா இருந்தேன்."

"சும்மா இருந்தா ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்!"

"முதலாளி பேசுறப்ப குறுக்கே பேசக் கூடாதுன்னு சும்மா இருந்தேங்க."

நான் வளர்ந்த கடையில் வாயை மூடினால் சரக்கு கை மாறியாயிற்று என்று அர்த்தம். அவர் வளர்ந்த இடத்தில் அது மரியாதை. மனுஷன் இரண்டு பங்காகச் சொல்லாமல் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். நாங்கள் அதையும் பாதியாக வெட்டிவிட்டோம்.

மாமா துள்ளி எழுந்து இரண்டு விரலை நீட்டி, கத்தரிபோல வெட்டிக் காட்டினார்.

"கையைக் கீழ போடுங்க" என்றார் அத்தை. "மரத்து விலைன்னா நானே பேசி முடிச்சிருப்பேன். வார்னிஷ் காயறதுக்கு யார்கிட்டப் போய்ப் பேரம் பேசுவீங்க? காயாத பெஞ்சுல பிள்ளைங்க உட்கார்ந்தா, எழுந்திருக்கிறப்ப பெஞ்சும் கூடவே எழுந்திருக்கும்."

லாரிக்காரர் சிரிப்பை இருமலாக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏணியின் மேல்படி கண்ணுக்குத் தெரிந்தது.

"ஏன் தம்பி மூணு வாரம்? அதைச் சொல்லு, எல்லாரும் கேட்கட்டும்."

புதுசு முதல் தடவையாக நிமிர்ந்தார். "மூணு கோட்டு அடிக்கணும்மா. ஒவ்வொண்ணும் நல்லாக் காயணும். கூடத்துல பாதிச் சரக்குதான் ஒரு தடவைக்குக் கொள்ளும். அதான் ரெண்டு நடை. இன்னிக்கே கையில கிடைச்சா முதல் பாதி ஒன்றரை வாரத்துல தயார். ஆனா தச்சுலேருந்து ஒண்ணுமே வரலையே."

அத்தை மேஸ்திரியைப் பார்த்தார். பேசவே இல்லை. எங்கள் கூட்டத்தில் யாரும் யாரையும் அவ்வளவு நேரம் சும்மா பார்த்தது கிடையாது.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "சின்ன வகுப்புப் பெஞ்சு… முடிஞ்சுதான் இருக்கும்மா."

"எப்ப?"

"போன வாரமே. இந்த வாரக் கடைசின்னு சொல்லி வச்சேன். முன்னாடியே கொடுத்தா, அடுத்த தடவை இன்னும் வெட்டுவாருன்னுதான்…" மாமாவைப் பார்க்காமல் முடித்தார்.

மாமா வாயைத் திறந்து, டாக்டரை நினைத்து, மூடிக்கொண்டார். லாரிக்காரரும் தானாகவே ஒப்புக்கொண்டார்: "வண்டியும் சும்மாதாங்க நிக்குது."

"அப்ப சின்னப் பிள்ளைங்க பெஞ்சு இன்னிக்கே வார்னிஷுக்கு. திறப்பு அன்னிக்குக் காலையில அங்கே இறங்கணும். பெரிய வகுப்புது அதுக்கப்புறம் ஒன்றரை வாரம். மாப்பிள்ளை, மேடத்துக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிடுங்க."

"இங்கேயேவா அத்தை?"

"இங்கேயேதான். நாங்களும் கேட்டுக்கறோம்."

தலைமையாசிரியை முதலில் என்னை வறுத்தெடுத்தார். பிறகு, "சரி, பெரிய வகுப்பை ஒரு வாரம் தள்ளித் திறக்கறேன். அந்த ஒன்றரையை ஒரு வாரமாக் குறைங்க" என்றார்.

என் நாக்கு ஊறியது. பரம்பரை நாக்கு அது. 'உங்களுக்காக முயற்சி பண்றேன் மேடம்' என்ற வார்த்தை உதட்டுக்கு வந்துவிட்டது. எதிரே ஐந்து பேர். புதுசு மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"முடியாதுங்க மேடம். குறைச்சா வார்னிஷ் ஒட்டும். ஒன்றரைதான்."

மறுமுனையில் சத்தமில்லை. அந்த மௌனத்துக்கு எந்த ஊர் அர்த்தம் என்று தெரியாமல் வியர்த்தேன்.

"சரி. ரெண்டாவது திங்கள்னு பெற்றோருக்குச் சொல்லிடறேன். இதை மாத்தினீங்கன்னா பாருங்க."

போனை வைத்தபோது டீ இன்னும் சூடாக இருந்தது. அந்த அறையில் சூடான டீயை நான் குடித்தது அன்றுதான்.

திறப்பு நாளன்று லாரியோடு நானும் போனேன். புதுசும் வந்தார். கடைசிப் பெஞ்சை இறக்கியதும் அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, கையை என்னிடம் காட்டினார். சுத்தமாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றேன். "எதுக்குங்க?" என்றார். "வெட்டினப்புறமும் அதே நாளைச் சொன்னீங்களே, அதுக்கு." வெட்கப்பட்டுக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார்.

பெரிய வகுப்புப் பெஞ்சும் சொன்ன திங்களில் இறங்கியது. மற்ற பள்ளிகளின் ஆர்டர் வந்த அன்று, மரக்கிடங்கில் பலகை பார்த்துக்கொண்டிருந்த அத்தையிடம் போய் நின்றேன். வியாபாரி வீட்டில் நன்றி சொன்னால் பின்னாலேயே ஒரு விண்ணப்பம் வரும் என்று அர்த்தம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அத்தை, உங்களுக்கு ரொம்ப நன்றி."

பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன வேணும் மாப்பிள்ளை?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம்."

"லீவா?"

"இல்ல அத்தை."

"சம்பளமா?"

"நிஜமாவே ஒண்ணும் வேண்டாம் அத்தை. நன்றி மட்டும்தான். குறைக்காம அப்படியே வாங்கிக்கங்க."

அத்தை பலகையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முந்தானையில் கைத் தூசியைத் துடைத்துக்கொண்டு, "சரி, வாங்கிக்கிட்டேன்" என்றார்.