நூர் அகமது சொன்னதாகச் சொன்னது

காரைக்கால் மாதாகோயில் வீதியில் பஞ்சநாதன் ஒரு தட்டச்சுப் பயிலகம் வைத்திருந்தார். வைத்திருந்தார் என்று பெயர்தான். அவருக்குத் திருமலைராயன்பட்டினத்தில் ரைஸ் மில் இருந்தது. பொழுதெல்லாம் அங்கேயே போய்விடும். பயிலகத்தைத் திறப்பது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, அரசுத் தேர்வுக்கு அழைத்துப் போவது எல்லாம் சலோமிதான். அப்போது, 1979-இல், அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஆங்கிலத்திலும் தமிழிலும் தட்டச்சு ஹையர் தேர்வு முடித்தவள். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று பஞ்சநாதன் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

பயிலகத்தில் பன்னிரண்டு மிஷின்கள். எல்லாம் பழசு. ஒன்றில் பெயிண்ட் உரிந்து தகரம் தெரியும். ஒன்றில் கீயின் மேல் எழுத்தே இருக்காது. ஆனால் எதுவும் ஒரு நாளுக்கு மேல் நின்றதில்லை. அதற்குக் காரணம் நூர் அகமது. திருமலைராயன்பட்டினத்திலிருந்து மாதம் இருமுறை சைக்கிளில் வருவார். கேரியரில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பழைய மிஷின்களிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்கும் நாடாவும் எழுத்துகளும் தனித்தனி டப்பாக்களில் இருக்கும்.

தாளைச் சுமந்துகொண்டு இடப்பக்கம் நகரும் மேல்பாகத்தைக் கேரியேஜ் என்பார்கள். அந்தப் பழைய மிஷின்களில் இரண்டு பிடிகளைத் தளர்த்தினால் அது கையோடு வந்துவிடும். ஒன்று மக்கர் பண்ணினால் பக்கத்து மிஷினுடையதைத் தூக்கி வைத்துப் பாடத்தைத் தொடரலாம். அகலமான ஆபீஸ் படிவங்கள் அடிப்பதற்காக ஒரு மிஷினுக்கு நூர் அகமது நீளக் கேரியேஜ் மாட்டிக் கொடுத்திருந்தார். பிரெஞ்சு அரசிடம் பென்ஷன் வாங்குகிறவர்களின் மனுக்களுக்காக இன்னொன்றில், யாரும் தொடாத மூன்று எழுத்துகளை எடுத்துவிட்டு, தலைமேல் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகளைப் பற்றவைத்திருந்தார். இருபது வருஷத்து மிஷின் அவர் கையில் புது வேலை கற்றுக்கொள்ளும்.

சலோமிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் அந்த மிஷின்களைப் பார்த்தால் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிள்ளைகளைச் சேர்க்க வருகிற பெற்றோர் மிஷின்களை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் கார்த்திகையில் கோவிந்தராசு வந்தார். கும்பகோணத்துக்காரர், புதிதாகக் கிளம்பிய ஒரு கம்பெனியின் ஏஜெண்ட். பச்சை நிறத்தில் ஒரு மிஷினை மேசைமேல் வைத்தார். வெளியே ஒரு திருகாணி கூடத் தெரியவில்லை. வழுவழுவென்று ரேடியோப் பெட்டி போல இருந்தது. பழைய பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு புதுசு பத்து தருவதாகச் சொன்னார். பிறகு காரிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தார். சிறிய சூட்கேஸ் மாதிரி. மூடியைத் திறந்தால் உள்ளே கையடக்கமான ஒரு டைப் மிஷின்.

“இது சாம்பிள் டீச்சர். உங்க வீட்டுலயே இருக்கட்டும். ஆர்டர் ஆயிடுச்சுன்னா திருப்பித் தர வேணாம்” என்றார்.

வீட்டில் வைத்து வேலை செய்ய ஒரு மிஷின் வேண்டும் என்று சலோமி எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். சாம்பிள் என்று அவர் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

பஞ்சநாதன் ஒன்றே ஒன்றுதான் சொல்லியனுப்பினார்: நூர் பாய் ஒருமுறை பார்த்துவிடட்டும். நூர் அகமது வந்தார். பச்சை மிஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து விரலால் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“டீச்சரம்மா, அடிமூடிய ரிவிட் அடிச்சு மூடியிருக்கான். தொறக்கணும்னா ஒடைக்கணும். கேரியேஜும் கழலாது. உள்ள கேரியேஜ இழுக்குற நாடா அறுந்தா முழு மிஷினையும் மெட்ராஸுக்கு அனுப்பணும். வேணாம்னு ஐயாகிட்ட சொல்லிடுங்க.”

சொல்கிறேன் என்றாள். மறுநாள் பஞ்சநாதன் மில்லிலிருந்து வந்து, பாய் என்ன சொன்னார் என்று கேட்டார். பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார் என்று சலோமி சொன்னாள். முன்கூட்டி யோசித்து வைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்துவதற்கு நேரம் இருந்தது. பஞ்சநாதன் பேனா தேடினார், மூடியைத் திறந்தார், ஆர்டர் தாளை இரண்டு முறை படித்தார், கையெழுத்துப் போட்டார். அவ்வளவு நேரமும் அவள் ரிப்பன் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சின்ன மிஷினை முதலாளி கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தார் என்று கணவன் மரியமுத்துவிடம் சொன்னாள். அவன் பஸ் கண்டக்டர். சந்தோஷப்பட்டு மறுநாளே அதற்குத் துணியில் ஒரு உறை தைத்துக் கொண்டுவந்தான். பயிலகத்துக்குப் புது மிஷின்கள் வந்தபோது நூர் அகமது அவற்றைப் பார்த்தார். தன் பேச்சு எடுபடவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. வந்தார், துடைத்தார், எண்ணெய் விட முடிந்த இடத்தில் விட்டார், போனார்.

அந்தத் தடவை லோயர் தேர்வுக்குப் போனவர்களில் அல்லிதான் கெட்டிக்காரி. வரிச்சிக்குடி கருப்பையன் மகள், பத்தொன்பது வயது. அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்து ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் டைப்பிஸ்ட் இடம் ஒன்று காலியாக இருந்தது. சான்றிதழோடு வா, பார்க்கலாம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் அடிக்கும் சத்தத்துக்கு நடுவில் அவள் அடிப்பதைச் சலோமியால் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காண முடியும். ஒரே சீராக, மழை பிடித்துக்கொண்ட மாதிரி கேட்கும்.

1980 ஆகஸ்டில் தேர்வு. மையம் நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடம். அவரவர் பயிலகம் அவரவர் மிஷினை வேனில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மெக்கானிக்குக்கு மட்டும் உள்ளே நிற்க அனுமதி உண்டு. ஆசிரியர்கள் வெளியே வராந்தாவில் நிற்க வேண்டியதுதான்.

வேகத் தேர்வு பத்து நிமிஷம். மணி அடித்ததும் ஹால் முழுக்க ஒரே இரைச்சல். சலோமி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது நிமிஷமோ என்னவோ, அல்லியின் கை நின்றது. கேரியேஜைத் தள்ளிப் பார்த்தாள். அது வலப்பக்கத்திலேயே கிடந்தது, நகரவில்லை. உபரியாகக் கொண்டுபோன மிஷின் ஒன்றுதான். அதற்குச் சற்று முன்பு கீ சிக்கிக்கொண்ட இன்னொரு பையனுக்கு அதைக் கொடுத்திருந்தார்கள். நூர் அகமது ஓடிப்போய் மண்டியிட்டார். நாடா அறுந்திருந்தது. பழைய மிஷினாக இருந்தால், கீ சிக்கிய மிஷினின் கேரியேஜ் அரை நிமிஷத்தில் இதில் உட்கார்ந்திருக்கும். அவர் மிஷினைச் சாய்த்தார். அடியில் ரிவிட்டுகள். திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போட ஒரு இடம் இல்லாமல், நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். சலோமி பார்வையை மாற்றிக்கொண்டாள்.

மணி அடிக்கும்வரை அல்லி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செய்தி கேட்டுப் பஞ்சநாதன் அன்று மாலையே பயிலகத்துக்கு வந்தார். பிள்ளைகள் மிஷின்களை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் முன்னிலையிலும் நூர் அகமதுவைப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் என்று நம்பித்தானே கேட்டோம், ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டீர்களே, நன்றாக இருக்கிறது என்று சொல்ல அந்த ஏஜெண்ட் உங்களுக்கு என்ன கொடுத்தான் என்று கேட்டார்.

நூர் அகமது கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். சலோமி பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. அவள் பேசுவதற்காகக் காத்திருந்தார். தெருவில் ஒரு மாட்டுவண்டி கடந்து போகிற நேரம் இருந்தது. அவள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான்தான் சரியா சொல்லலையோ என்னவோ” என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பஞ்சநாதன் அதோடு விடவில்லை. ஊரில் இருந்த மற்ற நாலு பயிலகங்களுக்கும் சொல்லிவிட்டார். நூர் அகமதுவின் சைக்கிள் காரைக்கால் பக்கம் வருவது நின்றுபோனது.

அல்லியும் வரவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சலோமி வரிச்சிக்குடிக்கு பஸ் ஏறினாள். அல்லி நாற்றங்காலில் முழங்கால் சேற்றில் நின்று நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் பாவாடையை இறக்கிவிட்டுக்கொண்டு வரப்புக்கு ஓடிவந்தாள். அம்மா காசியம்மா தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். இவ்வளவு தூரம் தேடி வந்திருக்கிறீர்களே என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். சலோமியால் மோரை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அல்லிதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “நான்தான் டீச்சர் வேகமா தள்ளிட்டேன் போலருக்கு. புது மிஷினக் கெடுத்துட்டேன்னு ஐயா ரொம்பக் கோச்சுக்கிட்டாரா? அந்த பயத்துலதான் வரல.”

ஒரு மாதமாக இந்தப் பெண் தன் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் சலோமிக்கு உறைத்தது.

“உன் கை ஒண்ணும் பண்ணல அல்லி. அந்த மிஷின் வேணாம்னு பாய் முன்னாடியே சொன்னாரு. நான்தான் மறைச்சிட்டேன். எனக்கு ஒரு மிஷின் சும்மா கெடைச்சுது, அதுக்காக மறைச்சிட்டேன்.”

அல்லி கையில் இருந்த நாற்றுக்கட்டின் வேரை ஒருமுறை தண்ணீரில் அலசினாள். மண் எல்லாம் போன பிறகும் அலசினாள். பிறகு, சங்கத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்றங்காலுக்குள் இறங்கினாள். காசியம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் மோர் குடியுங்கள் என்றாள்.

அங்கிருந்து நேராகச் சலோமி மில்லுக்குப் போனாள். பஞ்சநாதன் முழுதும் கேட்டார். அன்றைக்கு பாயைத் திட்டியபோது நீங்கள் அங்கேதானே நின்றீர்கள் என்று கேட்டார். நின்றேன் என்றாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னாள்.

“விட்டுட்டுப் போறது உங்களுக்கு சுலபம். போக வேணாம். பாயப் பத்தி நான் யார் யார்கிட்ட சொன்னேனோ, அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நீங்களே போய் நடந்ததச் சொல்லுங்க.”

அன்றிரவு கணவனிடம் சொன்னாள். காலையில் பார்த்தால் சின்ன மிஷின் உறையில்லாமல் இருந்தது. அதைப் பஞ்சநாதனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கம்பெனிக்கே பார்சல் போட்டுவிட்டார்.

பிறகு ஒவ்வொரு பயிலகமாக ஏறி இறங்கினாள். முதல் இடத்தில் நிற்க வைத்தே கேட்டார்கள். அடுத்த இடத்தில் ஒருவர் சிரித்தார். மூன்றாவது பயிலகம் மாரிக்கண்ணு என்ற அம்மாவுடையது. அவர் மேசைமேல் அதே பச்சை மிஷினுக்கான ஆர்டர் தாள் இருந்தது; இன்னும் கையெழுத்து ஆகவில்லை. மாரிக்கண்ணு சலோமியின் கதையில் அக்கறை காட்டவில்லை. நூர் பாய் என்ன சொன்னார், அதைச் சொல்லுங்கள் என்றார். பத்து மாதத்துக்குப் பிறகு சலோமி அதை அப்படியே சொன்னாள்: அடிமூடி, ரிவிட், கழலாத கேரியேஜ், நாடா.

“நமக்கு இதெல்லாம் வேணும்னு கம்பெனிக்காரனுக்கு எப்படித் தெரியும்? பச்சையா, சிவப்பான்னுதானே நாம கேக்கறோம். எழுதிக் குடுங்க” என்றார் மாரிக்கண்ணு.

சலோமி அங்கேயே உட்கார்ந்து கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தாள். திறந்து பார்க்கும்படி திருகாணி போட்ட மூடி வேண்டும். கேரியேஜ் கழல வேண்டும். நாடாவும் ஸ்பிரிங்கும் எழுத்துகளும் தனியாகக் கடையில் கிடைக்க வேண்டும். தேவைப்படும்போது நீளக் கேரியேஜும் வேறு மொழி எழுத்துகளும் மாட்டிக்கொள்ள வழி வேண்டும். இவை இல்லாத மிஷினைக் காரைக்காலில் எந்தப் பயிலகமும் வாங்காது. மாரிக்கண்ணு அதைப் படித்துவிட்டு, தன் பிள்ளைகளுக்கு அன்றைய வேகப் பயிற்சிப் பாடமாகக் கொடுத்தார். அவரவர் அடித்த பிரதியில் அவரவர் கையெழுத்து. ஐந்து பயிலகத்திலும் அதே பாடம் நடந்தது. நூற்று எழுபத்திரண்டு கடிதங்கள் ஒரே கோணிப்பையில் தபாலாபீசுக்குப் போயின.

இரண்டு மாதம் பதில் இல்லை. ஐந்து பேரும் ஆர்டர் கொடுக்கவில்லை. தை மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பத்து மிஷின்களின் ரிவிட்டுகளையும் துளையிட்டு எடுத்துத் திருகாணி போட்டார். நாடா, ஸ்பிரிங் ஒரு பெட்டி நிறைய விட்டுவிட்டுப் போனார். இனி வருகிறவை திருகாணியோடுதான் வரும் என்றார். கேரியேஜைக் கழலும்படி செய்வது மட்டும் முடியாது, அதற்கு வார்ப்பு அச்சையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாரிக்கண்ணு கடைசிவரை அதை வாங்கவில்லை. பழைய மிஷின்களையே வைத்துக்கொண்டார். அல்லி அவரிடம் போய்ச் சேர்ந்து அடுத்த ஆகஸ்டில் முதல் வகுப்பில் தேறினாள் என்று சலோமி கேள்விப்பட்டாள். அல்லி வந்து சொல்லவில்லை.

நூர் அகமது வீட்டுக்குத்தான் அவள் கடைசியாகப் போனாள். போயிருக்க வேண்டியது முதலில். அவர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“எனக்குத் தெரியும் டீச்சரம்மா. நீங்க சொல்லுவீங்கன்னுதான் அன்னைக்கு நின்னுக்கிட்டே இருந்தேன்” என்றார்.

பஞ்சநாதன் நேரில் போய் மன்னிப்புக் கேட்ட பிறகு அவர் மறுபடி வேலைக்கு வரத் தொடங்கினார். முன்பெல்லாம் எந்தக் கிழமையிலும் வருவார். இப்போது ஞாயிறு காலையில் மட்டும் வந்தார். அந்த நேரத்தில் சலோமி மாதாகோயில் பூசையில் இருப்பாள் என்பது அவருக்குத் தெரியும். மில்லிலிருந்து ஆள் வந்து கதவைத் திறந்துவிடுவான். திங்கட்கிழமை அவள் வரும்போது மிஷின்கள் துடைத்து வரிசையாக இருக்கும். அறையில் எண்ணெய் வாசனை இருக்கும்.

ஒரு ஞாயிறு பிரசங்கம் தொடங்கியதும் அவள் எழுந்து வெளியே வந்தாள். பயிலகத்தின் கதவு திறந்திருந்தது. வாசலில் சைக்கிள் நின்றது. உள்ளே அவர் ஒரு கீயைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. எதிர்ப்பக்க மருந்துக்கடையின் நிழலில் கொஞ்ச நேரம் நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பூசை முடிவதற்குள் கோயிலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.